தட்டில் பாதி காய்கறி: பாடம் நடத்தப்போய் நான் கற்றுக்கொண்டது

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஆறாம் வகுப்பில் ஊட்டச்சத்துகள் பற்றிய பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்புகள் என்று கரும்பலகையில் அட்டவணை போடுவேன். எது எதில் இருக்கிறது என்று மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பாடம் முடிந்துவிடும். அந்த அட்டவணையை என் சாப்பாட்டுத் தட்டோடு நான் ஒருநாளும் பொருத்திப் பார்த்ததில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதற்கான கட்டாயம் வந்தது. அப்போது என் எடை 74 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. "மாத்திரை இப்போது வேண்டாம். எடையைக் குறையுங்கள், சோற்றைக் குறையுங்கள்" என்றார் மருத்துவர். 'குறையுங்கள்' என்று அவர் சொன்னது என் காதில் 'நிறுத்துங்கள்' என்று விழுந்தது.

சோற்றை நிறுத்திய எழுபது நாள்

மறுநாளே சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் இரண்டு முட்டை, மதியம் வெள்ளரிக்காயும் தயிரும், இரவில் ஒரு கிண்ணம் சூப். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்தது. ஓய்வறையில் சக ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வகுப்பிலும், "சோறு சாப்பிட்டால்தான் உடம்பு ஏறுகிறது" என்று போகிற போக்கில் ஒருமுறை சொல்லிவிட்டேன்.

முதல் வாரத்தில் குறைந்தது கொழுப்பு அன்று என்பது அறிவியல் ஆசிரியரான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. மாவுச்சத்தைத் திடீரென நிறுத்தினால் கிளைகோஜன் கரையும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. எடைக் கருவியில் முள் இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் அந்த நீர் திரும்பி வந்துவிடும்.

எழுபது நாளில் ஐந்து கிலோ குறைந்தேன். ஆனால் மலச்சிக்கல், தலைவலி, எரிச்சல், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. வீட்டில் எனக்கென்று தனி அடுப்பு. "நெல்லு விளையுற ஊர்ல பொறந்துட்டு சோத்தை ஒதுக்கி வெக்கிறியேம்மா" என்று மாமியார் வருத்தப்பட்டார். உறவினர் திருமணத்தில் பந்தியில் உட்கார்ந்த நாளில் கட்டுப்பாடு உடைந்தது. அடுத்த நான்கு மாதத்தில் ஐந்து கிலோவும் திரும்பி வந்தது. கூடவே ஒரு கிலோ.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

இதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. நான் சோற்றை நிறுத்தியிருந்த அந்த நாட்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, சர்க்கரை கலந்த பால் கொடுத்து, ஓய்வறையில் உட்கார வைத்து விசாரித்தேன். ஒரு வாரமாகக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம் சத்துணவில் சோற்றைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு முட்டையை மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்றேன்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, சோறு சாப்பிட்டா உடம்பு ஏறும்னு. நீங்களும் சாப்பிடறதில்லையே?"

பதில் சொல்ல முடியவில்லை. அவள் குண்டான பெண்ணும் அல்லள். வகுப்பில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள். அதை என் பேச்சோடு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வளரும் பிள்ளைக்கு ஆற்றல் வேண்டும், புரதம் வேண்டும், இரும்புச்சத்து வேண்டும். நாற்பது வயதைக் கடந்து உட்கார்ந்தே வேலை பார்க்கும் எனக்குச் சொன்ன அறிவுரை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. நாம் நடத்தும் பாடத்தைவிட நம் மதிய உணவுப் பாத்திரத்தைத்தான் பிள்ளைகள் கூர்ந்து பார்க்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

பெற்றோரை அழைத்துப் பேசினோம். வகுப்பிலும் என் சொல்லைத் திருத்திக்கொண்டேன். அதோடு அந்தப் பாடத்தை முதலிலிருந்து வேறு விதமாக நடத்துவது என்று முடிவு செய்தேன்.

அயோடின் காட்டிய உண்மை

மருந்துக் கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலை நீரில் கலந்து இளம்பழுப்பு நிறமாக்கிக்கொண்டேன். ஒரு தட்டில் சிறு சிறு துண்டுகளாகச் சோறு, இட்லி, சப்பாத்தி, வேகவைத்த உருளைக்கிழங்கு, கம்பு மாவுக் கூழ், வரகரிசிச் சோறு, வேகவைத்த துவரம் பருப்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெள்ளரிக்காய், வாழைக்காய், நன்கு பழுத்த வாழைப்பழம், சர்க்கரை ஆகியவற்றை வைத்தோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டு. ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாக மாறும். சோதித்த உணவை யாரும் உண்ணக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சொட்டு விடுவதற்கு முன்பு ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை எழுதியது. சோறு, இட்லி, உருளைக்கிழங்கு மூன்றிலும் எல்லாருடைய கணிப்பும் சரி. சப்பாத்தியில் பாதிப் பேர் தவறினர். கம்பிலும் வரகிலும் ஏறக்குறைய எல்லாரும் 'மாறாது' என்று எழுதியிருந்தனர். இரண்டும் கருநீலமாயின. பருப்பும் மாறியது. "பருப்பு புரதம்தானே டீச்சர்?" என்றான் ஒருவன். பருப்பில் புரதம் நிறைய உண்டு, மாவுச்சத்தும் உண்டு, இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை அங்கேயே விளக்க முடிந்தது. வெள்ளைக்கருவும் வெள்ளரிக்காயும் மாறவில்லை.

வாழைக்காய் கருத்தது. நன்கு பழுத்த பழம் பெரிதாக மாறவில்லை. சர்க்கரை மாறவே இல்லை. அப்படியானால் சர்க்கரை மாவுச்சத்து இல்லையா என்று கேட்டார்கள். அயோடின் ஸ்டார்ச்சை மட்டுமே காட்டும், சர்க்கரையும் கார்போஹைட்ரேட்தான், காய் பழுக்கும்போது அதிலுள்ள ஸ்டார்ச் சர்க்கரையாக மாறுகிறது என்று சொன்னேன். இந்த இடத்தில் ஆசிரியர் விளக்கம் தராவிட்டால் 'சர்க்கரையில் மாவுச்சத்து இல்லை' என்ற தவறான கருத்தோடு பிள்ளைகள் போய்விடுவார்கள்.

"அப்போ கம்பும் சோறும் ஒண்ணுதானா?" என்பது அன்றைய நல்ல கேள்வி. ஒன்றல்ல. கம்பு, கேழ்வரகு போன்றவற்றில் தீட்டிய வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்தும் தாது உப்புகளும் அதிகம். ஆனாலும் அவற்றிலும் முதன்மையான சத்து மாவுச்சத்தே. ஆகவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

என் தட்டின் கணக்கு

அன்று மாலை என் பழைய உணவை எழுதிக் கணக்குப் பார்த்தேன். சமைத்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சமையலறைத் தராசில் நிறுத்தபோது சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை நான் போட்டுக்கொள்ளும் சோறு 420 கிராம் இருந்தது. அதில் மட்டும் 118 கிராம். காலையில் ஐந்து இட்லியில் சுமார் 50, இரவு நான்கு தோசையில் சுமார் 70, நான்கு வேளைத் தேநீர், காபியில் போட்ட சர்க்கரை 40, இடைவேளை பிஸ்கட் 20. மொத்தம் ஏறத்தாழ 300 கிராம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கிலோகலோரி தரும். ஆக, 1200 கிலோகலோரி அதிலிருந்தே வந்திருக்கிறது. காய்கறி என்று பார்த்தால் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். அதுவும் பல நாள் உருளைக்கிழங்கு.

நான் மட்டும் இப்படி இல்லை. சென்னையிலுள்ள ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, இந்தியர்கள் ஒரு நாள் ஆற்றலில் சராசரியாக 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்று 2025-இல் தெரிவித்தது. வெள்ளை அரிசிக்குப் பதிலாகக் கோதுமையோ சிறுதானியமோ உண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமலே இருந்தால் நீரிழிவு அபாயம் குறையவில்லை என்பதும் அதன் முடிவுகளில் ஒன்று. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்துப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தால் ஈடுசெய்தால் அபாயம் குறைவாக இருந்தது. வகுப்பில் கம்புக் கூழ் கருத்ததை நினைத்துக்கொண்டேன்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் இதையொட்டியே உள்ளன. தானியங்களும் சிறுதானியங்களும் சேர்ந்து ஒரு நாள் ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்கின்றன. சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்கு உரிய பங்கை மட்டும் கொடுக்கச் சொல்கின்றன.

எந்த முறை நிலைக்கும்?

மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைப்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. இலண்டனில் வாழ்ந்த வில்லியம் பேன்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்து எடை குறைந்த தம் அனுபவத்தை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். அதன் பிறகு எத்தனையோ முறைகள் வந்து போயின. அவற்றில் எது சிறந்தது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு கொழுப்பைக் குறைத்தது, மற்றது மாவுச்சத்தைக் குறைத்தது. இரு குழுக்களுக்குமே காய்கறி நிறைய உண்ணவும், சர்க்கரையையும் மைதா போன்ற மாவுகளையும் தவிர்க்கவும் அறிவுரை தரப்பட்டது. ஓராண்டு முடிவில் முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாம் குழு 6 கிலோவும் குறைந்திருந்தன. 2018-இல் வெளியான இந்த முடிவைப் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர்கள் கொண்டனர். ஒவ்வொரு குழுவிலும் மிக நன்றாகக் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். மாவுச்சத்தைக் குறைப்பதில் மாயம் ஒன்றுமில்லை. ஆனால் மாவுச்சத்தே பெரும்பங்காக இருக்கும் நம் தட்டில் குறைக்க வேண்டிய இடம் அதுதான். எவ்வளவு குறைத்தால் ஐந்து ஆண்டுக்குப் பின்னும் அதே போல் சாப்பிட முடியுமோ, அவ்வளவு குறைத்தால் போதும். குறைத்த இடத்தைக் காலியாக விடாமல் நிரப்ப வேண்டும். என் முதல் முயற்சியில் நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

நான் செய்த மாற்றங்கள்

தனி அடுப்பை நிறுத்தினேன். வீட்டில் எல்லாருக்கும் செய்யும் அதே சமையல்தான். அளவுகளை மட்டும் மாற்றினேன்.

1. தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம். மீதிக் கால் பங்கு சோறு. உருளை, மரவள்ளி போன்ற கிழங்குகளைச் சோற்றின் பங்கில் சேர்த்துக்கொள்வேன், காய்கறியில் சேர்ப்பதில்லை.

2. மதியச் சோற்றை 420 கிராமிலிருந்து ஒரே நாளில் குறைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு கரண்டி வீதம் குறைத்து 170 கிராமில் நிறுத்தினேன். முதலில் கூட்டும் பொரியலும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகிறேன். பாதிப் பசி அதிலேயே அடங்கிவிடுகிறது.

3. காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு முட்டை. பதினொரு மணிக்குப் பிஸ்கட் தேடுவது தானாக நின்றது.

4. இரவில் பருப்பு கூடுதலாகப் போட்டு அரைத்த அடை இரண்டு. 'இரவு சப்பாத்திதான், எனவே பயமில்லை' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 90 கிராம் மாவில் செய்த மூன்று சப்பாத்தியில் இருக்கும் மாவுச்சத்து, சுமார் 200 கிராம் சோற்றில் இருப்பதற்கு ஏறத்தாழச் சமம்.

5. தேநீரில் சர்க்கரையை இரண்டு கரண்டியிலிருந்து அரைக் கரண்டிக்கு இரண்டு மாதத்தில் கொண்டுவந்தேன். இப்போது சர்க்கரை இல்லாமலே பழகிவிட்டது.

6. மாவுச்சத்தைக் குறைக்கிறோம் என்று நெய்யையும் வறுவலையும் கூட்டவில்லை. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும் என்பதையும் நாம்தானே நடத்துகிறோம்!

இப்படி என் மாவுச்சத்து நாளொன்றுக்கு 170 கிராம் அளவில் நிற்கிறது. செலவு கூடுமே என்று தோன்றலாம். விலை உயர்ந்த விதைகளோ புரத மாவோ நான் வாங்குவதில்லை. கொல்லையில் முருங்கைக்கீரை, சந்தையில் சுரைக்காய், புடலங்காய், கொத்தவரங்காய், கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை, மத்தி மீன். இவை போதும். மாலையில் வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இதோடு தினமும் அரை மணி நேர நடை.

ஒன்றரை ஆண்டில் 75-இலிருந்து 67 கிலோவுக்கு வந்தேன். பொங்கல் வாரத்தில் ஒரு கிலோ ஏறும், பிறகு இறங்கும். திருமணப் பந்தியில் எல்லாம் சாப்பிடுகிறேன், இரண்டாம் முறை சோறு கேட்பதில்லை, அவ்வளவுதான். ஹெச்பிஏ1சி 5.6-க்கு வந்திருக்கிறது. இது ஒருவரின் அனுபவம் மட்டுமே. எல்லாருக்கும் இதே அளவு குறையும் என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளிலேயே மாமியாரும் "எனக்கும் கூட்டு கொஞ்சம் கூட வையி" என்று கேட்க ஆரம்பித்ததைத்தான் பெரிய வெற்றியாக நினைக்கிறேன்.

சக ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது நமக்கு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பு கட்டாயம் கேட்க வேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பு முயற்சியில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது வகுப்பறைக்கு. 'குண்டு', 'ஒல்லி' என்ற சொற்களை வகுப்பில் நாமும் சொல்லக் கூடாது, பிள்ளைகள் சொன்னாலும் அனுமதிக்கக் கூடாது. எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து உரக்கப் படிக்க வேண்டாம். நாம் பின்பற்றும் உணவுக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகப் பேச வேண்டாம். சத்துணவில் வரும் சோறு, பருப்பு, காய், முட்டை, சுண்டல் எல்லாம் அவர்கள் வளர்ச்சிக்கு வேண்டியவை. எதையும் ஒதுக்காமல் சாப்பிடச் சொல்வோம். எடை குறித்து உண்மையிலேயே கவலை இருந்தால் பெற்றோரிடம் தனியாகப் பேசி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டச் சொல்வோம். பாக்கெட் தின்பண்டம், குளிர்பானம் ஆகியவற்றின் உறையில் சர்க்கரை அளவைப் படித்துக் கணக்கிடும் செயல்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது.

இப்போது ஊட்டச்சத்துப் பாடத்தின் முடிவில் மாணவர்களிடம் ஒரு வட்டம் வரையச் சொல்கிறேன். நேற்று மதியம் தட்டில் இருந்ததை அதில் வரைய வேண்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதில் இன்னும் எதைச் சேர்க்கலாம்?" எதை எடுக்கலாம் என்று கேட்பதில்லை. கீரை, முட்டை, கொய்யாப்பழம், வேர்க்கடலை என்று எழுதுகிறார்கள்.

அன்று மயங்கி விழுந்த மாணவி பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை மதிய இடைவேளையில் அவ்வப்போது என்னை எட்டிப் பார்ப்பாள். நான் சோறு சாப்பிடுகிறேனா என்று பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பிக் காட்டுவேன். கூட்டு, பொரியல், முட்டை, நடுவில் சோறு. சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.